தேசிங்குராஜன் பாகம் 2: படமெடுக்க வருவோருக்குச் சில யோசனைகள்

திண்டிவனத்தில் திருவண்ணாமலைச் சாலையைப் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் செஞ்சி. யாரோ லாரி லாரியாகப் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டுக் கூலி வாங்காமல் போய்விட்ட மாதிரி, ஊருக்கு முன்னாலேயே மலைகள் தெரியும். அங்கே காரை ஓரங்கட்டி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த இடத்தில்தான் எனக்குக் கதை தோன்றியது" என்று பின்னால் பேட்டி கொடுக்க உதவும். கதை உங்களுக்குத் தோன்றவேண்டிய அவசியமில்லை. அது முந்நூறு வருஷமாக இங்கேதான் கிடக்கிறது.

ராஜா தேசிங்குக்கு இரண்டாம் பாகம் எடுப்பது என்று நீங்கள் எடுத்த முடிவு சரியானது. புதுக்கதை என்றால் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பழைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டால் காபி வரவழைக்கிறார். சிங்கம் மூன்று தடவை கர்ஜித்தது. அரண்மனைக்கு நாலு தடவை பேய் குடிவந்தது. தேசிங்குக்கு என்ன குறை? கதைப்பாட்டாக இருந்தார், பெரிய எழுத்துப் புத்தகமாக சந்தையில் விற்றார், கூத்தானார், 1936-ல் சினிமாவானார், 1960-ல் எம்.ஜி.ஆராகவும் ஆனார். 2013-ல் விமல் நடித்த நகைச்சுவைப் படம் ஒன்றுக்குப் பெயரை மட்டும் கடன் கொடுத்தார். அந்தப் படத்துக்கே 2025-ல் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அசல் ஆளுக்கு வராமல் இருப்பது அநியாயம்.

முதல் யோசனை: வரலாற்றைப் படிக்காதீர்கள். படித்தால் படம் எடுக்கமாட்டீர்கள். தேஜ் சிங் என்கிற புந்தேலா ராஜபுத்திர இளைஞன், தகப்பன் சொரூப் சிங் இறந்த பிறகு செஞ்சிக் கோட்டைக்கு வருகிறான். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான், கப்பப் பாக்கியைக் கேட்கிறார். தரமாட்டேன் என்கிறான் பையன். சில நூறு குதிரைவீரர்களோடு போய் 1714 அக்டோபர் 3-ஆம் தேதி செத்துப்போகிறான். வயது இருபத்திரண்டு என்பார்கள். ஆண்டது பத்து மாதம். சுருக்கமாகச் சொன்னால் இது ஒரு வரிபாக்கி வழக்கு. இதை வைத்து இடைவேளைகூட விடமுடியாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதே கோட்டையை 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு, ஔரங்கசீப்பின் படையை ஏழெட்டு வருஷம் வெளியே காக்கவைத்தார். 1698-ல்தான் கோட்டை விழுந்தது. நாயக்கர்கள் கட்டினார்கள், பீஜப்பூர்க்காரர்கள் ஆண்டார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள். இத்தனை பேர் வந்துபோன வீட்டில் பத்து மாதம் குடியிருந்த பையன் பெயரில்தான் பட்டா இருக்கிறது. செஞ்சியில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், "தேசிங்குராஜா கோட்டை" என்பார்கள். ரசிகர் மன்றம் இல்லை, கட்அவுட் இல்லை, பாலாபிஷேகமும் கிடையாது. தோற்றுப்போன ஹீரோவுக்கு இவ்வளவு நீளமான ஓட்டம் நான் அறிந்து வேறு எங்கும் இல்லை. சாந்தி தியேட்டரில் சந்திரமுகி ஓடிய 890 நாள், இதற்கு முன்னால் டிரெய்லர்.

அடுத்து, ரசிகரைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பெரியப்பாவிடம் அழைத்துப்போகிறேன். 1960 படத்தை டென்ட் கொட்டகையில் மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்து பார்த்தவர். டி.ஆர். ரகுநாத் இயக்கியது, பானுமதியும் பத்மினியும் இருக்கிறார்கள், எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம்: தேசிங்கு ஒன்று, தாவூத்கான் ஒன்று. கதைப்பாட்டில் தேசிங்குக்கு உயிர்த்தோழன் மகமத்கான் உண்டு, எம்.ஜி.ஆர். முகத்தோடு ஒரு தாவூத்கான் கிடையாது. சினிமாக்காரர்கள் சேர்த்தது. இதைப் பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஏன் பெரியப்பா, கதையில இல்லாத ஆளக் கொண்டாந்து விட்டாங்களே, உங்களுக்குக் கோபம் வரலியா?"

"வாத்தியாரு ரெண்டு பேரா வந்தா எவனுக்குடா கோபம் வரும்? குதிரைதான் பத்தல."

இதுதான் ரசிக மனம். முன்னால் வந்தவர்கள் செய்த மாற்றம் எல்லாம் மரபு. நீங்கள் செய்யப்போவது துரோகம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சந்தேகம் இருந்தால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, "தேசிங்கோட குதிரை பாராசாரியா, நீலவேணியா? நீலவேணி மகமத்கானுதுதானே?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது டீ வருவதற்குள் மூன்று கட்சி உண்டாகியிருக்கும். அமெரிக்காவில் 2017-ல் ஒரு ஸ்டார் வார்ஸ் படம் பிடிக்கவில்லை என்று, அதைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாதென மனுப் போட்டார்களாம். நம்மாள் மனுவெல்லாம் போடமாட்டார். கிளாஸை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இப்போது பெரிய சிக்கலுக்கு வருவோம். உங்கள் ஹீரோ முதல் பாகத்திலேயே செத்துவிட்டார்.

தமிழ் சினிமாவுக்கு இது ஒரு தடையே இல்லை. 1979-ல் கல்யாணராமனில் செத்த கல்யாணத்தை ஆவியாக்கி, 1985-ல் ஜப்பானுக்கே அழைத்துப்போனார்கள். தமிழில் எண்ணத்தக்க முதல் தொடர்ச்சிப் படங்களில் ஒன்று அது, அதுவே செத்தவர் விசா வாங்கிய கதை. முன்கதை எடுக்கலாம், பில்லாவுக்கு எடுத்ததைப் போல. அது இந்தி டானின் தமிழ் மறுபதிப்பின் மறுபதிப்புக்கு முன்கதை. யாருடைய முன்கதை என்று கேட்டால் எடுத்தவர்களுக்கே தலை சுற்றும். மகன், பேரன், மறுபிறவி என்று போகலாம். அல்லது வயதைப் பற்றிக் கவலைப்படாமல் அதே ஆளையே கொண்டுவரலாம். 1996-லேயே கிழவராக இருந்த இந்தியன் சேனாபதி, 28 வருஷம் கழித்து 2024-ல் நூறு வயதைத் தாண்டிய பிறகும் வர்மம் போட்டார். தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் ஒருவர் விரல்விட்டு அவர் வயதைக் கூட்டிக்கொண்டிருந்தார். படத்தைவிட அந்தக் கணக்கு சுவாரசியமாக இருந்தது. முதல் படத்தின் பலமே, இந்தக் கிழவர் சொந்த மகனை என்ன செய்வார் என்ற ஒற்றைக் கேள்விதான். இரண்டாவதில் கிழவர் இருந்தார், கேள்வி இல்லை. நம்மாட்கள் ரகுமான் இல்லாததைக் குறையாகச் சொன்னார்கள். நான் அந்தக் கேள்வி இல்லாததைச் சொல்வேன்.

ஹீரோவைச் சாகவிடவே கூடாது என்று இன்னொரு கட்சி இருக்கிறது. எம்.ஜி.ஆர். சாகிற பாசம் படம் 1962-ல் எப்படிப் போயிற்று என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள், இன்னும் முகம் சுளிப்பார்கள். ஜேம்ஸ் பாண்டுக்கு 1962-ல் தொடங்கி 2021 வரை, இருபத்தைந்து படம் ஆன பிறகுதான் சாக அனுமதி கிடைத்தது. அப்போதும் உலகம் முழுக்க ஒப்பாரி. செஞ்சிக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஆள் ஒவ்வொரு ஆட்டத்திலும் சாகிறார். விடிவதற்குள் சாகவில்லையென்றால் பணம் கொடுத்த ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

பழைய நினைவைக் கிளறுவதற்கான சாமான்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் வாங்கிவிடுவீர்கள். பழைய பின்னணி இசையைப் புது டிரம்ஸோடு. பழைய வசனத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியைத் தியேட்டர் சொல்ல விடுவது. பழைய காமெடியனை அதே சட்டையில். சந்திரமுகி 2-ல் வடிவேலு வந்தார், முருகேசனாகவே வந்தார். அவ்வளவுதான் சொல்லமுடியும். இவை எதற்கும் செலவழிக்க மனமில்லை என்றால் பழைய படத்தையே திரும்ப விடுங்கள். 2024 ஏப்ரலில் கில்லியை மறுபடி விட்டபோது, எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடிவிட்டுத் தொண்டை கட்டி வந்தான். "அந்தக் காலம் வராது சித்தப்பா" என்றான். அந்தக் காலம் என்பது 2004. பையன் பிறந்தது 2006. நான் சிரிக்கவில்லை. 1714-ஐ நினைத்துக் கண் கலங்குகிற ஊரில் இருந்துகொண்டு அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன தகுதி?

நல்ல உதாரணமும் தமிழில் இருக்கிறது, நாம்தான் மரியாதை கொடுப்பதில்லை. ராகவா லாரன்ஸின் முனி 2007-ல் வந்தது. 2011-ல் காஞ்சனா வந்தபோது, பயந்தாங்கொள்ளிப் பிள்ளையையும் கோவை சரளா அம்மாவையும் வைத்துக்கொண்டு, பேயை மாற்றினார். சரத்குமார் திருநங்கையாக வந்தார். மக்கள் பேய்க்காகப் போனார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதுகிற விஷயம் இது, அவர் ஒரு பேயை வைத்து முடித்துவிட்டார்.

லொகேஷன் பார்ப்பது பற்றி. ராஜகிரி ஏறுங்கள். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஒரு பள்ளம், அதன்மேல் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை இழுத்துவிட்டால் வெளியே நிற்பவன் வெளியேதான். எந்த வழிகாட்டியும் இல்லாமலே பத்து வயதுப் பையன்கள், "இங்கதான் குதிரை தாண்டுச்சு" என்பார்கள். தாண்டியிருக்க முடியாது. ஆனால் அங்கே நின்று கீழே எட்டிப்பார்த்தால், தாண்டாமல் எப்படி என்று தோன்றும். பாறையில் கைபட்ட இடம் சுடும். மேலே காற்று சட்டையை உப்பவைக்கும். கல்யாண மகாலின் கூம்புக் கோபுரம் கீழே தீப்பெட்டி மாதிரி நிற்கும். குளம்படிச் சத்தத்துக்கு வேறு ஸ்டூடியோ வேண்டாம்.

சிங்கவரமும் போங்கள். குன்றைக் குடைந்து படுக்கவைத்த ரங்கநாதர். போருக்குப் போக உத்தரவு கேட்டுத் தேசிங்கு வந்து நின்றபோது, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. தலை இன்றைக்கும் திரும்பித்தான் இருக்கிறது. படத்தைப் பார்க்காமலே எழுதிய முதல் விமர்சனம் அது. தயாரிப்பாளர் கேட்கவில்லை, வழக்கம்போல.

கிளைக்கதைகளுக்கும் பஞ்சமில்லை. இங்கிருந்த கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன, போய்ப் பாருங்கள். தேசிங்கின் மனைவி ராணிபாய் உடன்கட்டை ஏறியதை மெச்சி, எதிரி நவாபே அவள் நினைவில் ஓர் ஊர் வைத்தார் என்று சொல்வார்கள், அதுதான் ராணிப்பேட்டை. லோகேஷ் கனகராஜ் கைதியையும் விக்ரமையும் முடிச்சுப்போட்டதற்கே நாம் எழுந்து நின்று கைதட்டினோம். இங்கே முடிச்சுப்போட்டு வைத்து முந்நூறு வருஷம் ஆகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு முக்கியமானதைச் சொல்லாமல் அனுப்பினால் பாவம். ஒரு ராத்திரி கூத்துப் பாருங்கள்.

நான் ஏழாவது படிக்கும்போது பக்கத்துக் கிராமத்தில் தேசிங்குராஜன் கூத்து. கோணியை விரித்து முன்னால் உட்கார்ந்தோம். இரண்டு பேர் ஒரு பழைய போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் திரை. மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டின கால், வேறொன்றும் தெரியாது. உள்ளே இருந்துகொண்டே ராஜா பாடுகிறார். முகவீணைக்காரர் பின்னாலேயே போகிறார். திரை விலகும் என்று பார்த்தால் விலகாது. கிரீடம் இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும், கால் மட்டும் தாளத்துக்கு மண்ணைக் கிளப்பும். நானெல்லாம் தரையோடு தரையாகக் குனிந்து போர்வைக்குக் கீழே எட்டிப்பார்த்தேன். போர்வையைப் பிடித்திருந்தவர் கால் கட்டைவிரலால் என் மண்டையில் ஒரு தட்டு தட்டினார். இன்ட்ரோ சீன் என்று நீங்கள் ஹெலிகாப்டரில் இறக்குகிறீர்களே, அதை இரண்டு பேரும் ஒரு போர்வையும் வைத்து முடித்த ஊர் இது.

நடு ராத்திரிக்கு மேல் தேசிங்கு போருக்குக் கிளம்புகிறார். சங்கராபரணியில் வெள்ளம். கதையில் முக்கியமான கட்டம், வெள்ளத்தில் குதிரையை இறக்கிக் கடந்துபோகிறார். ராஜா வீராவேசமாகப் பாடி முடித்ததும் கட்டியங்காரன் பக்கத்தில் வந்தான்.

"மகாராஜா, எந்த ஆத்துல வெள்ளம்?"

"சங்கராபரணியிலடா."

"நான் பொறந்ததுலேர்ந்து அதுல மணல் லாரிதான் மகாராஜா போவுது. குதிரைய விடுங்க, பெர்மிட்டு இருக்குதா?"

கூட்டம் உருண்டது. எங்கள் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவருக்கு லாரி இருந்தது, அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். வரலாற்றைக் கெடுத்துவிட்டான் என்று யாரும் எழுந்து போகவில்லை. அரை மணி நேரம் கழித்து, கல்யாண மாலையும் கழுத்துமாக மகமத்கான் ஓடிவருகிறான். தாலி கட்டப்போன இடத்திலிருந்து நண்பனுக்காகப் பாதியில் எழுந்து வந்தவன். அதே கூட்டம் மூக்கைச் சிந்த ஆரம்பித்தது. லாரிக்காரரும்தான். என்ன நடக்கும் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போன வருஷமும் பார்த்தார்கள், அதற்கு முந்தின வருஷமும் பார்த்தார்கள். சாவை மாற்றச் சொல்லவில்லை, கட்டியங்காரனைப் பழையதைப் பேசச் சொல்லவும் இல்லை. அவன் போன வருஷ ஜோக்கைச் சொன்னால் கல் விழும்.

உங்கள் படங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஜோக்கைக் காப்பாற்றுகிறீர்கள், சாவை ரத்து செய்கிறீர்கள்.

இரண்டாம் பாகம் எழுதத்தான் வேண்டும் என்றால், அதற்கும் இங்கே வாத்தியார்கள் உண்டு. பக்கத்தில் மேலச்சேரி. பழைய செஞ்சி என்பார்கள். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயில்தான் சுற்றுவட்டத்துத் திரௌபதி கோயில்களுக்கெல்லாம் தாய்க்கோயில் என்று நம்பிக்கை. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்தப் பக்கமெல்லாம் அலைந்து திரிந்து, 1988-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்று போட்டார். இங்கே சொல்கிற கதைப்படி, பாரதப் போரோடு திரௌபதி முடிந்துபோகவில்லை. செஞ்சி ராஜாவை நூறு தலை அசுரன் ஒருவன் படுத்துகிறான். அவனை அழிக்கத் திரௌபதி மறுபடி வருகிறாள், இந்த ஊருக்கே வருகிறாள். கூட நிற்கிறவன் போத்துராஜா. கோயில்களில் கையில் வெட்டிய தலையோடு நிற்பானே, அவன்தான்.

வியாசர் எழுதாத பாகத்தை எங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். நாயகி பழையவள், எதிரி புதியவன், போத்துராஜா வியாசருக்கே தெரியாதவன், ஊர் சொந்த ஊர். யாரிடமும் உரிமை வாங்கவில்லை. ரசிகர்கள் என்ன சொல்வார்களோ என்று யாரும் உதறவில்லை, ஏனென்றால் எழுதினவர்களே ரசிகர்கள்தான். அவர்கள் காசு போட்டு, அவர்கள் காப்புக்கட்டி, அவர்கள் தீமிதித்தார்கள்.

கோட்டைக்கு 2025 ஜூலை 11-ல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்ததையும் சொல்லவேண்டும். 'மராத்தியரின் ராணுவ நிலக்காட்சிகள்' என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. மகிழ்ச்சிதான், இனிப்பு கொடுத்தோம். ஆனால் டைட்டில் கார்டில் எங்கள் பையன் பெயர் இல்லை. டீக்கடையில் இதைச் சொன்னபோது ஓர் அண்ணன் கேட்டார்: "அவங்க படத்துல நம்ம ஆளு கேமியோவா?" வரலாற்றுப்படி பார்த்தால் கேமியோகூட இல்லை, மராத்தியர் ஓட்டம் முடிந்து பதினாறு வருஷம் கழித்துத்தான் வருகிறார். அண்ணனிடம் அதை நான் சொல்லவில்லை. டீக்கு அவர் காசு கொடுப்பதாக இருந்தது.

ஆகவே ஐயா, வாருங்கள், எடுங்கள். ஃபர்ஸ்ட் லுக்கில் மலை தெரியட்டும், குதிரை கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், பெரியப்பா கேட்டுக்கொண்டார். அவனைச் சாகடிக்கப் பயப்படாதீர்கள். கூத்துக்காரர்களை ஒரு பாட்டுக்குப் பின்வரிசையில் ஆடவிட்டு, பொட்டலச் சோறு கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். கட்டியங்காரன் கையில் ஒரு சீனைக் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி உட்காருங்கள். அவனுக்கு எழுதிக்கொடுக்க வேண்டாம்.

தேதி குறிக்கும்போது மட்டும் கவனம். பங்குனியிலிருந்து ஆடி முடிய, சுற்றுவட்டத்தில் பாரதக் கூத்து நடக்காத ராத்திரி குறைவு. அந்த மாதங்களில் எங்கள் வாத்தியாரிடம் கால்ஷீட் கிடையாது.